“பேட்டரி மாத்தியாச்சு மேடம்”: ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

ஈரோட்டில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துகிறோம். கல்யாண மண்டபம், ஜவுளிக் குடோன், அப்புறம் வருஷத்தில் ஒன்றிரண்டு கோயில் விழா. கையில் பிடித்துச் சோதிக்கிற மெட்டல் டிடெக்டர் ஆறு வைத்திருக்கிறோம். ஆறும் சார்ஜ் போட்டு ஓட்டுகிற வகை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கியவை.

போன ஐப்பசியில் அவை ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் சிவப்பு விளக்கு. இதில் எங்கள் தப்பும் உண்டு. கூடவே வந்த மலிவு சார்ஜருக்குத் தானாக நிற்கத் தெரியாது. எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை மாட்டிவிட்டுத் திங்கட்கிழமை கழற்றுவார்கள். பேட்டரி கெடாமல் என்ன செய்யும்?

இணையத்தில் தேடி ஒரு சர்வீஸ்காரரைப் பிடித்தேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். “ஆறையும் கூரியர்ல போடுங்க மேடம். ஒரிஜினல் செல், 600 எம்ஏஹெச், ஒரு சார்ஜுக்கு நாலு நாள் ஓடும்” என்றார். பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவுதான் எம்ஏஹெச். ஒரு மிஷினுக்கு 750 ரூபாய், ஆறுக்கு 4,500. பில் கேட்டேன். “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?” என்றார். மிச்சம்தானே என்று நானும் சரி என்றுவிட்டேன். மிஷின்களைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. புது பேட்டரி, அதன் மேல் மீட்டரின் இரண்டு முனைகள், திரையில் 8.6 வோல்ட். நான் உடனே பணத்தை அனுப்பினேன்.

தீபாவளிக்கு மண்டபங்களில் பெரிய வேலை இல்லை. அங்கங்கே ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஓட்டினோம், குறையொன்றும் தெரியவில்லை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. நாங்கள் ஆள் போடுகிற பெருமாள் கோயிலில் நள்ளிரவிலேயே வரிசை தொடங்கிவிடும், சொர்க்கவாசல் விடியற்காலைதான் திறப்பார்கள். முந்தின நாள் நானே நின்று ஆறையும் சார்ஜில் போட்டேன்.

ஒன்றரை மணிக்குப் பெண்கள் வரிசையில் இருந்த எங்கள் பெண் ஓடி வந்தாள். “அக்கா, இது சும்மாவே கத்துது. பாட்டி ஒருத்தங்க பயந்துட்டாங்க.” கத்துகிற மிஷினாவது பரவாயில்லை, பழுது என்று தெரிந்துவிடும். ஆண்கள் பக்கம் எங்கள் பெரியவர், முன்னாள் ராணுவத்துக்காரர், தன் பெல்ட் பக்கிளில் வைத்துக் காட்டினார். மூச்சே இல்லை. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தது, அதற்குள் எத்தனை பேர் தாண்டிப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. இரண்டரைக்குள் ஆறில் நான்கு போய்விட்டன.

அந்த நேரத்தில் பேட்டரிக்கு எங்கே போவது? கைகொடுத்தவர் கோயில் மைக்செட்காரர். கார்ட்லெஸ் மைக்குக்காக அவரிடம் ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி எப்போதும் இருக்கும். எங்கள் மிஷினுக்கும் அதே அளவுதான். இரண்டு ஆல்கலைன் பேட்டரி எடுத்துக் கொடுத்தார், “இதைப் போட்டுட்டு சார்ஜர் மட்டும் சொருகிடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே. அதற்குள் எங்கள் பழைய பேட்டரியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க, இந்த ஸ்டிக்கர் தனியா ஒட்டுனதாட்ட இருக்குது.”

நகத்தால் உரித்தார். மேலே ‘ரீசார்ஜபிள் 9 வோல்ட் 600 எம்ஏஹெச்’. அடியில் கம்பெனி அச்சு: 7.2 வோல்ட், 180 எம்ஏஹெச்.

விடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஆறையும் உரித்தோம். நான்கு இந்த 7.2 ரகம். மற்ற இரண்டில் அடியில் இருந்த எழுத்து 6எஃப்22. பொம்மைக் காரிலும் ரிமோட்டிலும் போடுகிற சாதா ஜிங்க் கார்பன் பேட்டரிக்கு அதுதான் குறியீடு. சார்ஜ் செய்யாதே என்று அதிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைத்தான் நான் ராத்திரி முழுக்கச் சார்ஜில் வைத்திருக்கிறேன்! இரண்டும் கசிந்து, மிஷினின் கிளிப் பச்சை பூத்திருந்தது. வெடிக்காமல் விட்டது எங்கள் நல்ல நேரம்.

அந்த 8.6 எப்படி வந்தது என்று மைக்செட்காரர்தான் விளக்கினார். சார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் ஒரு செல் 1.2 வோல்ட். ஒன்பது வோல்ட் டப்பாவுக்குள் ஏழு செல் இருந்தால் 8.4, ஆறு செல் இருந்தால் 7.2. சார்ஜிலிருந்து எடுத்த சூட்டில் ஒவ்வொரு செல்லும் 1.4-க்குச் சற்று மேலேயே காட்டும். ஆகவே ஆறு செல் பேட்டரியும் கொஞ்ச நேரத்துக்கு எட்டரையில் நிற்கும். மிஷினில் போட்டு ஓட்டினால் இறங்கி 7.2-க்கு வந்துவிடும். எங்கள் மிஷின் ஏழு வோல்ட்டை ஒட்டியே சிவப்பு விளக்குப் போடுகிறது. வீடியோவில் பொய் இல்லை, படம் பிடித்த நேரம்தான் பொய்.

600 எம்ஏஹெச் கதையும் அப்படித்தான். இந்த அளவு நிக்கல் பேட்டரியில் 150-லிருந்து 300 வரைதான் பொதுவாக வரும். அதற்கு மேல் போட்டிருந்தால் லித்தியமா என்று கேளுங்கள். லித்தியம் என்றால் அதற்கு வேறு சார்ஜர் வேண்டும், பழைய சார்ஜரில் மாட்டக்கூடாது. எங்கள் மிஷின் இழுக்கிற கரண்ட்டை அளந்தோம், சுமார் 25 மில்லி ஆம்பியர். 200 எம்ஏஹெச் என்றால் எட்டு மணி நேரம். நாலு நாள் எங்கிருந்து வரும்?

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். முதலில் “ஓவர் சார்ஜ் பண்ணிட்டீங்க மேடம்” என்றார். ஸ்டிக்கர் உரித்த படங்களை அனுப்பியதும் “பையன் மாத்திப் போட்டுட்டான் போல, திரும்ப அனுப்புங்க, கூரியர் உங்க செலவு” என்றார். கிளிப் அரித்த இரண்டு மிஷினுக்குத் தனியாக 400 ரூபாயாம். அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் பில் இல்லை. பணம் அனுப்பிய யூபிஐ விவரமும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இருக்கின்றன. மிச்சம் பிடித்த ஜிஎஸ்டியின் லட்சணம் இது.

இப்போது உள்ளூரிலேயே 8.4 வோல்ட், 200 எம்ஏஹெச் என்று கம்பெனி அச்சிட்ட பேட்டரி வாங்கினேன், ஒன்று 310 ரூபாய், பில்லோடு. மாற்றுவதற்கு ஆள்கூட வேண்டாம். பின்மூடியைத் தள்ளினால் கையோடு வருகிறது. இதற்கா 750 கொடுத்துக் கூரியரில் அனுப்பினேன் என்று இன்னும் வயிறெரிகிறது. சும்மா கிடந்தாலே நிக்கல் பேட்டரியில் சார்ஜ் இறங்கும் என்பதால் வேலைக்கு முந்தின நாள் சார்ஜ் போட்டு, காலையில் நானே கழற்றுகிறேன். டூட்டியில் அரை மணிக்கு ஒரு தடவை சொந்தச் சாவிக்கொத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த சர்வீஸ்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை நேற்று வேறொரு நம்பரிலிருந்து பார்த்தேன். அதே வீடியோதான் ஓடுகிறது. மீட்டரில் 8.6.