டேஷ்கேம் அலர்ட்டை வைத்து ஓட்டுநரை மதிப்பிடுதல்: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் சரக்கு வண்டிகளில், முன்பக்கச் சாலையையும் கேபினையும் ஒருசேரப் பதிவு செய்யும் டேஷ்கேம்களைப் பொருத்தி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. படத்தின் தெளிவிலும் இரவுப் பதிவிலும் எனக்குக் குறையில்லை. திடீர் பிரேக், முன்வண்டியை நெருங்குதல், கைபேசி, தூக்கம் போன்றவற்றைக் கண்டால் அந்தக் கருவி அனுப்பும் அலர்ட்டுகளைக் கொண்டு ஓட்டுநர்களை எடைபோட்டதில் நான் செய்த தவறுகளையும், அவற்றைத் திருத்திக்கொண்ட விதத்தையுமே இங்கு எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதங்கள், மாதக் கடைசியில் அலர்ட்டுகளை எண்ணி, அதிகம் வாங்கியவரின் ஊக்கத்தொகையைக் குறைத்தோம். அப்படிக் குறைக்கப்பட்டவர்களில் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் விபத்தின்றி ஓட்டியவர். என் மேசைக்கு எதிரே வந்து நின்று, “சார், காசு போனாப் போகட்டும். அந்தப் படத்தை ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். அதுவரை நான் ஒரு கிளிப்பைக்கூட முழுமையாகப் பார்த்ததில்லை. பார்த்தபோது, இடது ஓரத்திலிருந்து ஓர் இருசக்கர வாகனம் சைகை எதுவுமின்றி வண்டிக்கு முன்னால் நுழைந்தது. ஆனால் அது நுழைவதற்கு முன்பே திரையின் மூலையில் வேகம் 52-லிருந்து 44-க்கு இறங்கியிருந்தது. அவருடைய கண் முன்கூட்டியே அந்த வாகனத்தின் மேல் இருந்திருக்கிறது. அதன் பிறகுதான் அழுத்தமான பிரேக். அந்தப் பிரேக்குக்குத்தான் நாங்கள் அபராதம் போட்டிருந்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பிடித்த தொகையை அன்றே திருப்பிக் கொடுத்தேன்.

கருவிக்குள் இருக்கும் ஜி-சென்சார் (வேக மாற்றத்தையும் அதிர்வையும் உணரும் பகுதி) அறிவதெல்லாம் வேகம் எவ்வளவு சட்டென்று மாறியது என்பதை மட்டுமே. வரம்பை 0.4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் நான்கு பங்கு) என வைத்தால், ஒரு நொடிக்குள் வேகம் மணிக்கு ஏறக்குறைய 14 கி.மீ. குறையும் அளவுக்குப் பிரேக் பிடிக்கும்போது அலர்ட் வரும். ஏன் பிடித்தார் என்பது அதற்குத் தெரியாது. லோடு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டி பள்ளத்தில் குதித்தாலும் சில சமயம் அதிர்வு அலர்ட் வருகிறது. போதிய இடைவெளி விட்டு ஓட்டுபவருக்கும், அந்த இடைவெளிக்குள் ஒரு கார் புகுந்துவிட்டால், நெருங்கிச் சென்றார் என்ற பெயர் வந்துவிடுகிறது. காதைச் சொறிந்த கை கைபேசியாகக் கணக்கில் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு வண்டியில் மட்டும், யார் ஓட்டினாலும், தடம் விலகும் அலர்ட் நிற்கவேயில்லை. முன்கண்ணாடியை மாற்றிய பிறகு கேமராவின் கோணத்தை மறுபடி சரிசெய்யாமல் விட்டிருந்தோம்.

இப்போது கிளிப்பைப் பார்க்காமல் எந்த அலர்ட்டும் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. கிளிப்பை முதலில் ஓட்டுநர் பார்த்து, நடந்ததைத் தன் வாயால் சொல்கிறார். பிறகே நாங்கள் பேசுகிறோம். எண்ணிக்கையை 100 கி.மீ.-க்கு இத்தனை என்று மாற்றி, நகருக்குள் ஓட்டுபவரை நகருக்குள் ஓட்டுபவரோடும், நெடுஞ்சாலையில் செல்பவரை நெடுஞ்சாலையில் செல்பவரோடும் மட்டுமே ஒப்பிடுகிறோம். வண்டி மாறினாலும் ஒருவரிடம் அதே வகை அலர்ட் தொடர்ந்தால், அதை அவருடைய பழக்கம் என்று கொண்டு, ஓர் அனுபவசாலியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பயிற்சி தருகிறோம். ஓடும் வண்டியில் கையில் கைபேசி இருப்பது கிளிப்பில் தெரிந்தால் மட்டும் நான் இளகுவதில்லை. தூக்க அலர்ட் வந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, முதலில் நான் போட்ட ஷிப்ட் பட்டியலைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். தொடர்ந்து மூன்று இரவுகள் ஓட்டச் சொன்னது நானாக இருந்தால் கேள்வி என்னிடம்தான் வர வேண்டும்.

இதற்கு நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் செலவாகிறது. அந்த நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் அலர்ட்டைக் கேபினுக்குள் ஒலிக்கும் எச்சரிக்கையாக மட்டும் வைத்துக்கொண்டு, சம்பளத்தோடு இணைக்காமல் இருப்பதே நல்லது. இன்னொன்று: வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உறங்கும் நேரத்தில் கேபின் கேமரா அணைந்திருக்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் தொடக்கத்திலேயே கேட்டார்கள். இரண்டாம் ஆண்டில்தான் அதைச் செய்து கொடுத்தேன். பொருத்திய அன்றே செய்திருக்க வேண்டும்.