சோழர் காலத்துச் செக்குபந்தி: கும்பகோணத்தில் ஒரு பயிலரங்கு

வரலாற்றுப் புனைகதையும், பழங்காலத்தை இன்றோடு இணைக்கும் கட்டுரையும் எழுதக் கற்றுத்தருவதாக அறிவித்து, கும்பகோணத்தில் ஒரு குழு நடத்திய வார இறுதிப் பயிலரங்கில் கலந்துகொண்டேன். கட்டிய பணத்துக்குக் கட்டுரை அமர்வு நிச்சயம் ஈடு. புனைகதை அமர்வைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

கட்டுரைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயரைச் சொல்வதால் புகழ்பெற்ற அதனைக் கொலை வழக்கின் துப்பாகப் பார்க்காமல், துரோகிகளின் உறவினரிடமிருந்து பறிமுதலான நிலம் கைமாறியதைச் சொல்லும் பத்திரமாகவே ஆசிரியர் வரி வரியாகப் படித்துக் காட்டினார். வதிக்கு (நிலங்களுக்கு இடையே செல்லும் வழி) மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு (கிளை வாய்க்கால்) எனச் சோழர் காலத்தில் நிலத்தை அடையாளம் சொன்ன முறையை அவர் பலகையில் வரைந்தபோது, ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், "இது நம்ம பத்திரத்துல வர்ற செக்குபந்திதானே சார்" என்றார். நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். பேச்சு அங்கிருந்து, டெல்டாவில் இன்றும் வாயில் புழங்கும் குழி, மா, வேலி என்ற நில அளவுகளுக்குத் தாவியது. அளவுகோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியதால் அன்றைய வேலியை இன்றைய ஏக்கர் கணக்கில் அப்படியே எழுதிவிடக் கூடாது என்று ஆசிரியர் எச்சரித்தது, என்னைப் போன்ற அவசரக்காரர்களுக்கு மிகவும் தேவையானது.

புனைகதை அமர்வில் குதிரைக் குளம்பொலியும், அத்தியாய முடிவில் வாசகரைத் தவிக்கவிடும் உத்தியுமே நேரத்தை விழுங்கின. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு தரும் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலை ஒட்டிய தளிச்சேரித் தெருக்களில் குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிர்) பட்டியல் கடைசி அரைமணியில்தான் கைக்கு வந்தது. அதுவும் எழுத்து மங்கிய நகலாக. அதன்படி, தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் (தெற்கு வரிசை) தலைவீடு, திருவையாற்று ஓலோகமாதேவி ஈச்சரம் கோயிலிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை என்ற பெண்ணுக்கு. ஆண்டுக்கு நூறு கலம் நெல். இன்று பேருந்தில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு எனப் பாலம் பாலமாகக் கடக்கும் அந்த வழியில் அவள் எப்படித் தஞ்சைக்கு வந்திருப்பாள், எதை விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று எழுதச் சொன்னார்கள். அரண்மனைச் சதிகளைக் குறைத்துக்கொண்டு இந்தப் பயிற்சிக்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்கியிருக்கலாம்.

கதை உத்திகளைத் தேடுவோர் வேறிடம் பார்க்கலாம். கட்டுரை எழுத விரும்புவோர் தாராளமாகச் சேரலாம். குடும்பத்தின் பழைய நிலப்பத்திரம் இருந்தால் அதன் நகலையும் எடுத்துச் செல்வது நல்லது.