ஃபிளாஷ் நினைவகத்தில் லினக்ஸ்: ரூட்டருக்கும் சர்வருக்கும் மூன்று நிறுவல் முறைகள்

எஸ்டி கார்டிலோ யூஎஸ்பி டிரைவிலோ ஒரு சிறிய லினக்ஸ் ரூட்டரை இயக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்தக் கார்டு நீடித்து உழைக்கும் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். என் கருத்தில், ரூட் கோப்புமுறையில் (இயங்குதளம் குடியிருக்கும் முதன்மைக் கோப்பு அமைப்பில்) எது, எப்போது எழுதப்படலாம் என்பதே அதற்கு முன் தீர்க்கப்பட வேண்டியது. இந்தக் கார்டுகளுக்குள் இருக்கும் நாண்ட் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது பக்கம் பக்கமாக நடந்தாலும், அழிப்பது பல பக்கங்கள் கொண்ட பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். அதனால் ஒரு வரி லாக் (நிகழ்வுப் பதிவு) கூடத் தன் அளவைவிடப் பல மடங்கு எழுத்து வேலையைக் கிளப்பிவிடலாம். அந்த வேலையின் நடுவே மின்சாரம் போனால், மலிவான கார்டுகளில் அப்போது எழுதப்படாத கோப்புகளும் சேர்ந்து சிதையக்கூடும்.

முதல் முறை, வழக்கமான டிஸ்ட்ரோவை (லினக்ஸ் தொகுப்பை) லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்புமுறையில் அப்படியே நிறுவுவது. பழகிய கருவிகள் எல்லாம் மாற்றமின்றி வேலை செய்யும் என்பதே இதன் பலம். லாக்குகளை ரேமுக்கு மாற்றுவது இங்கே உண்மையான பலன் தரும். கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தைக் குறித்து எழுதுவதை நிறுத்தும் ‘நோஏடைம்’ மவுன்ட் விருப்பத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் 2009-இல் வந்த 2.6.30 கர்னலிலிருந்தே (கர்னல் என்பது லினக்ஸின் மையக்கரு) அந்த நேரக் குறிப்பை அரிதாகவே எழுதும் ‘ரெல்ஏடைம்’ இயல்பிருப்பாக இருப்பதால், அதில் கிடைக்கும் கூடுதல் சேமிப்பு குறைவு. 2013-இல் 3.8 கர்னலில் சேர்ந்த எஃப்2எஃப்எஸ் என்ற கோப்புமுறை, ஃபிளாஷுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. எனினும் எழுதும் பழக்கத்தை மாற்றாமல் கோப்புமுறையை மட்டும் மாற்றுவதை நான் பாதித் தீர்வாகவே கருதுகிறேன்.

இரண்டாவது, ரூட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி பின்பற்றும் முறை. மூல அமைப்பு முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட, படிக்க மட்டுமேயான பிம்பமாக இருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் படியும் தனி அடுக்கில் சேரும். அமைப்பைத் தவறாக மாற்றிவிட்டாலும் மேலடுக்கை அழித்தால் ரூட்டர் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். இதன் குறை பொதிகளை (நிறுவப்படும் மென்பொருள் தொகுப்புகளை) புதுப்பிக்கும்போது தெரியும்: பழைய பிரதி பிம்பத்திலேயே தங்கிவிட, புதியது மேலடுக்கில் இன்னொரு முறை இடம் பிடிக்கும். 16 எம்பி ஃபிளாஷில் இது தாங்காது. ஆகவே பொதிகளைத் தனித்தனியாகப் புதுப்பிக்காமல், முழுப் பிம்பத்தையும் மாற்றுவதே சரி.

மூன்றாவது, ஆல்பைன் லினக்ஸ் என்ற சிறிய டிஸ்ட்ரோவின் டிஸ்க்லெஸ் முறை. பூட் ஆகும்போது அமைப்பு முழுவதும் ரேமில் விரிகிறது. ‘எல்பியூ கமிட்’ என்று கட்டளையிட்டால் மட்டுமே மாற்றங்கள் ஃபிளாஷில் சேமிக்கப்படும். எழுத்துத் தேய்மானம் ஏறத்தாழ இல்லை என்பதாலும், கமிட் நேரம் தவிர மின்தடை எப்போது வந்தாலும் கார்டு தொடப்படாமல் இருப்பதாலும், மூன்றிலும் நான் அதிகம் நம்புவது இதையே. கட்டளையிட மறந்த மாற்றம் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பது அந்த நம்பிக்கைக்கான விலை. ரூட்டருக்கு இன்னொரு கவனமும் தேவை. கூடுதலாக நிறுவிய பொதிகளைக் கார்டிலேயே கேஷ் செய்து வைக்காவிட்டால், அடுத்த பூட்டில் அவை இணையத்திலிருந்து வர வேண்டியிருக்கும்; இணைய இணைப்பை ஏற்படுத்தும் பொதியே அவற்றுள் ஒன்றாக இருந்தால், அது ரூட்டராக எழவே எழாது.

ஆக, ஃபிளாஷ் சில எம்பி மட்டுமே உள்ள கருவிக்கு இரண்டாவது முறையும், ரேம் தாராளமாக உள்ள பழைய கணினியை ரூட்டராக்குவோருக்கு மூன்றாவதும் பொருந்தும். டேட்டாபேஸ் அல்லது மின்னஞ்சல் சர்வர் என்றால் நிலைமை வேறு. அங்கே எழுதுவதுதான் வேலை. அதை ரேமுக்குத் தள்ளுவது தரவை இழக்கச் சம்மதிப்பதற்குச் சமம். அப்போது முதல் முறையை ஏற்று, தரவை எஸ்எஸ்டியிலோ ஈஎம்எம்சியிலோ (பலகையிலேயே பொருத்தப்படும் ஃபிளாஷ் சில்லிலோ) வைக்க வேண்டும். எஸ்எஸ்டியின் தேய்மானத்தை ஸ்மார்ட் எனப்படும் அதன் சுயகண்காணிப்புத் தகவல்கள் காட்டும், ஈஎம்எம்சி 5.0 முதல் சில்லே தன் ஆயுள் மதிப்பீட்டைக் கர்னலுக்குத் தெரிவிக்கிறது. அதில் மதிப்பு 1 என்றால் ஆயுளில் 10 சதவீதம் வரை செலவாகியிருக்கிறது என்று பொருள்; ஒவ்வொரு படிக்கும் இன்னொரு 10 சதவீதம் கூடும். சாதாரண எஸ்டி கார்டுகள் பெரும்பாலும் இப்படி எந்த முன்னறிவிப்பும் தருவதில்லை.