‘ஒரே க்ளிக்கில் பாட்டுப் பிரிக்கும்’ மென்பொருளுக்குக் காசு கட்டுமுன்

பழைய கச்சேரி கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவிட்டு, பாட்டு பாட்டாகப் பிரிக்க வழி தேடுபவர்கள் கண்ணில் இந்த ரக விளம்பரம் தவறாமல் படும்: ஒரே க்ளிக், தரம் குறையாது, இலவசமாக முயன்று பாருங்கள். அப்படி வாங்கிய ஒன்று செய்த வேலை இது. பெயர் மாற்றிக்கொண்டு வருபவை என்பதால் பெயரைவிட அடையாளம்தான் முக்கியம்.

90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். அதை முழுக்கக் கேட்டு, வெட்டும் இடங்களைத் திருத்தி, சேமி என்று அழுத்திய பிறகுதான் சொல்கிறது, இலவசப் பதிப்பில் ஒவ்வொரு பாட்டிலும் பாதிதான் கிடைக்கும் என்று. குறித்த இடங்களை வெளியே எடுக்கவும் முடியாது. அதற்கே உரிய கோப்பில் பூட்டிக்கிடக்கும். உழைப்பு வீணாகிறதே என்று பணம் கட்டுவோம் என்பதுதான் அவர்கள் கணக்கு. கட்டிய பிறகு பார்த்தால் அது மாதச் சந்தா. திருப்பிக் கேட்டால் தானியங்கி மடல் மட்டும் வரும்.

‘தரம் குறையாது’ என்பதைச் சோதிப்பது எளிது. பிரித்துத் தந்த ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்பை ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, எந்தெந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். கேசட்டின் இரைச்சல் 16 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் பரவியிருக்க வேண்டும். மூலக் கோப்பில் அப்படியிருந்து, இதில் மட்டும் 16-இல் கத்தியால் சீவியதுபோல் நின்றால், பெரும்பாலும் நடுவில் 128 கேபிபிஎஸ் போன்ற குறைந்த அளவில், தரத்தைக் குறைத்துச் சுருக்கும் எம்பி3 ஆக்கி, மேலே ஃபிளாக் உறை போட்டிருக்கிறார்கள். உங்கள் மூலக் கோப்பே எம்பி3 என்றாலும், அதை வெட்ட மறுபடி சுருக்கவே தேவையில்லை. அது 1152 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) கொண்ட துண்டுகளால் ஆனது, 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு துண்டு சுமார் 26 மில்லிசெகண்ட். துண்டு எல்லையில் வெட்டினால் போதும். எம்பி3டைரக்ட்கட், எம்பி3ஸ்பிளிட் இரண்டும் அதை இலவசமாகச் செய்கின்றன.

பெரிய மோசடி தானாகப் பிரிப்பதில்தான். இவை எல்லாம் அமைதியைத் தேடுபவை: ஒலி ஒரு அளவுக்குக் கீழே சில விநாடி இருந்தால் வெட்டும். டால்பி என்ற இரைச்சல் குறைப்பு இல்லாத கேசட்டில் இரைச்சலே ஏறத்தாழ -50 டெசிபெல்லில் நிற்கும்; எல்லையை -60 என்று வைத்தால் ஒரு வெட்டும் விழாது. கர்நாடகக் கச்சேரியில் நிலைமை இன்னும் மோசம். தம்புரா ஓயாது. எல்லையைச் சுருதிக்குக் கீழே வைத்தால் ஒரு பக்கம் முழுதும் ஒரே கோப்பு. மேலே வைத்தால் ஆலாபனையில் பாடகர் மூச்சு விடும் இடமெல்லாம் வெட்டு. ராகம் ஒரு கோப்பு, வயலின் ஒரு கோப்பு, கிருதி இன்னொன்று. போதாக்குறைக்கு, அமைதியை நறுக்குகிறேன் என்று பாட்டுக்கு முன் வரும் சுருதியையும் தின்றுவிடுகிறது. இந்த வேலையை எந்த மென்பொருளும் முழுதாகத் தானே செய்யாது.

கையால் செய்தால் ஒரு பக்கத்துக்கு அதிக நேரம் ஆகாது. ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராமைப் பாருங்கள்: கைதட்டல், அடியிலிருந்து உச்சிவரை நிரம்பிய கட்டையாகத் தெரியும். கைதட்டலை முந்தைய பாட்டோடு விட்டு, அது அடங்கிய இடத்தில் கர்சரை வைத்து கன்ட்ரோல்+பி அழுத்தினால் ஒரு குறிப்பு (லேபிள்) விழும், அதில் பாட்டின் பெயரைத் தட்டுங்கள். ஓடவிட்டபடி குறிக்க கன்ட்ரோல்+எம். தனி ஆவர்த்தனத்துக்கு நடுவிலும் தட்டுவார்கள், அங்கே மட்டும் காதை நம்புங்கள். பிறகு ஏற்றுமதியில் பல கோப்புகள், லேபிள்படி என்று தேர்ந்தால் பெயரோடு வரும். லேபிள்களைத் தனி உரைக் கோப்பாகவும் சேமிக்கலாம். சினிமாப் பாட்டுக் கேசட்டு என்றால், அமைதியைத் தேடிக் குறியிடும் ஆடாசிட்டியின் ‘லேபிள் சவுண்ட்ஸ்’ கருவியே பெரும்பாலும் போதும். எல்லையை இரைச்சலுக்குச் சற்று மேலே, குறைந்தபட்ச அமைதியை 2 விநாடி என்று வைத்துத் தொடங்குங்கள்.

மூல வேவ் கோப்பை அழிக்காதீர்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு பக்கம் சுமார் 475 எம்பிதான்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு: மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது. யுபிஐ செயலியில் ஆட்டோபே (தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி) பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். அட்டை என்றால், இதே அனுமதி வங்கியின் இ-மேண்டேட் பக்கத்தில் இருக்கும். அடுத்த தவணை பிடிக்க 24 மணி நேரம் முன்பாவது வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.