கோட்டை வீதியா, உப்புவெளியா?

திருகோணமலைக்கு வருகிறவர்களில் பலர் பேருந்தை விட்டு இறங்கியதும் உப்புவெளிக்குத்தான் ஓட்டோ பிடிக்கிறார்கள். விடுதி, கபே, கடலைப் பார்த்த மேசை எல்லாம் அங்கே இருக்கின்றன. இப்போதைக்கு எங்கள் ஊரின் நாகரிகத் தெரு அதுதான். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியோ, கும்பிடப் போகிறவர்களின் வழி என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் கலையும் வரலாறும் தேடி வருகிறவருக்கு இந்த இரண்டில் எது என்று கேட்டால், நான் யோசிக்காமல் கோட்டை வீதியைத்தான் சொல்வேன்.

உப்புவெளியைக் குறைத்துச் சொல்லவில்லை. நிலாவெளி வீதியோரத்தில் இருக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 300க்கும் மேற்பட்டவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாளில்தான் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. கல்லறைக் கற்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன, புல் வெட்டப்பட்டிருக்கிறது. யார், எந்தப் படை, எப்போது இறந்தார் என்பதைக் கல்லே சொல்லிவிடுகிறது. மனம் கனக்கும், ஆனால் விவாதிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

கோட்டையில் வாசலிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள், அந்தக் கற்களையே எடுத்துக் கோட்டையைக் கட்டினார்கள். வாசல் நிலையில் இரட்டைக் கயல் மீனும் சில தமிழ் வரிகளும் இன்றும் தெரிகின்றன. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் பாடல் ஊரில் பலருக்கு மனப்பாடம். குளக்கோட்டன் இந்தக் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன், பறங்கி என்பது போர்த்துக்கேயன். கல்லிலோ எழுத்துகள் தேய்ந்தும் உடைந்தும் கிடக்கின்றன. விடுபட்ட இடங்களை வாய்வழி வந்த பாடலை வைத்து நிரப்பித்தான் வாசிக்கிறோம். பறங்கி வருவான் என்று குளக்கோட்டன் காலத்திலேயே சொல்லிவைத்த வாக்கு என்பது நம்பிக்கை. எழுத்தின் வடிவம் அவ்வளவு பழையது அல்ல என்பது ஆய்வாளர் பக்கம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. அதனால் கல்லின் மதிப்பு குறைந்துவிடாது. கோயிலை இழந்த மக்களின் துயரம் அந்தப் பாடலில் இருக்கிறது, அது போதும்.

மேலே, கோயில் இருக்கும் சுவாமி மலை உச்சியில் ஒரு தூண். பிரான்சினா வான் றீடே என்ற பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற நாளும் ஒல்லாந்த மொழியில் அதில் பொறிக்கப்பட்டவை. காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து அவள் பாறையிலிருந்து குதித்தாள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்தாள், திருமணமும் செய்துகொண்டாள் என்று ஆவணங்களைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். என்னை உறுத்துவது வேறு விஷயம். அந்தத் தூணே இடிபட்ட கோயிலின் தூண் என்றுதான் பலரும் கருதுகிறார்கள். செதுக்கிய சிற்பியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, குதிக்காத பெண்ணுக்காக எல்லோரும் கண் கலங்குகிறார்கள்.

அப்புறம் செப்புத் திருமேனிகள். 1950இல் கோட்டைக்கு அருகே கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. இடிப்புக்கு முன் யாரோ புதைத்துக் காத்தவை என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. சோழர் கலைப் பாணி. இவை நூதனசாலைக்குப் போகாமல் கோயிலுக்கே திரும்பின. அங்கே பட்டும் மாலையும் சாத்தியிருப்பதால் இடையின் வளைவையோ விரல்களின் நெளிவையோ முழுதாகப் பார்க்கக் கிடைக்காது. சிற்பம் படிக்கிறவருக்கு அது குறைதான். ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியில் நிற்பதைவிடத் தேங்காய் உடைபடும் சத்தத்துக்கு நடுவே இருப்பதே அவற்றுக்கு நியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். புதைத்தவர்கள் காத்தது கும்பிடுவதற்காகத்தான்.

இவற்றின் பக்கத்தில் இன்றைய சீமெந்துச் சிலைகளை வைத்துப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருகிறது. பெரிய சிவன், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் பக்கம் கைகூப்பிய இராவணன், பளிச்சென்ற பெயின்ட். பக்தியில் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அவற்றின் முன்னால்தான் ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். ஆனால் மூன்று அங்குலச் செம்பில் ஒரு முகத்துக்கு உயிர் கொடுத்த மரபு நம்முடையது. அதே மலையில் அளவை மட்டும் நம்பிச் சிலை எழுப்புவது எனக்கு ஒப்பவில்லை. இதற்கு ஊரில் நல்ல சிற்பிகளைக் கேட்டிருக்கலாம்.

வசதிக்கு உப்புவெளிதான், அதில் சந்தேகமில்லை. கோட்டை வீதி ஏற்றம், வெயில் ஏறினால் கால் சுடும். உப்புவெளியிலேயே தங்குங்கள், ஆனால் காலைப் பூசைக்கு முன் கோட்டை வாசலுக்கு வந்துவிடுங்கள். கயல் பொறித்த கல்லை முதலில் பாருங்கள், பிறகு மேலே ஏறுங்கள். போர்க் கல்லறையைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.