கயானா எம்.பி.பி.எஸ்.: முன்பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

நீட் முடிவு வந்த மறுவாரமே போன் வரத் தொடங்கிவிடும். "கயானாவுல சீட் இருக்கு சார். தென் அமெரிக்கா, ஆனா முழுக்க இங்கிலீஷ். பாதிப் பேர் நம்ம ஆளுங்கதான். என்.எம்.சி. அப்ரூவ்டு காலேஜ். இன்னைக்கு ஒரு லட்சம் கட்டினா ஃபீஸ் லாக் ஆயிடும்." இதில் முழு உண்மை ஆங்கிலம் மட்டுமே. தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு கயானா. மற்றதெல்லாம் பொய் அல்லது அரை உண்மை. முழுப் பொய்யைக் கேட்டால் நாம் உஷாராகிவிடுவோம்; பணம் போவது அரை உண்மையில்தான்.

"என்.எம்.சி. அப்ரூவ்டு" என்பதிலிருந்து தொடங்குவோம். தேசிய மருத்துவ ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் ஒப்புதல் முத்திரை குத்தித் தருவதில்லை, அப்படி ஒரு பட்டியலும் வைத்திருக்கவில்லை. 2021 நவம்பர் 18 முதல் நடப்பில் உள்ள விதிகள் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதில்லை. மாணவர் படித்த படிப்பைப் பார்க்கின்றன. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதப் பயிற்சி மருத்துவர் காலம் (இன்டர்ன்ஷிப்), அதே கல்லூரியின் கீழ். ஆங்கில வழி. படித்து முடித்தவர் அந்த நாட்டுக் குடிமகனுக்கு நிகராக அங்கே மருத்துவம் பார்க்க உரிமம் பெறத் தகுதி உடையவராக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேர்ச்சிக்கு வேண்டிய 150-ஐ (300-க்கு) எடுத்தாலும் இங்கே மருத்துவராகப் பதிவு கிடைக்காது. ஆகவே பேனரில் "என்.எம்.சி. அங்கீகாரம்" என்று அச்சடித்திருக்கும் அலுவலகத்தில் காபி குடிக்கக்கூட உட்கார வேண்டாம்.

அங்கீகாரம் என்று மேஜையில் விரித்துக் காட்டும் காகிதங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, உலக மருத்துவக் கல்லூரிகள் அடைவில் அந்தப் பெயர் இருக்கும் பக்கத்தின் பிரின்ட். அடைவில் இடம் பெறுவது அங்கீகாரம் ஆகாது என்று அந்த அடைவே சொல்கிறது. இரண்டாவது, கயானாவின் தேசிய அங்கீகார மன்றம் தந்த சான்று. இங்கேதான் கண்ணை நன்றாகத் திறந்து படிக்க வேண்டும்: அந்த மன்றம் நிறுவனத்தைப் பதிவு செய்வது வேறு, பாடத்திட்டத்துக்கு அங்கீகாரம் தருவது வேறு. சான்றிதழின் தலைப்பில் 'பதிவு' என்று இருந்தால் கடை திறக்க அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவே. சரக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது, எடை உள்ள காகிதம்: கரீபியன் நாடுகளின் மருத்துவக் கல்வியை மதிப்பிடும் கேம்-எச்.பி. அமைப்பின் முடிவு. இதிலும் முழு அங்கீகாரம், நிபந்தனையுடன் அங்கீகாரம், தற்காலிக அங்கீகாரம், மறுப்பு என்று நிலைகள் உண்டு. எந்த நிலை, எந்த ஆண்டு வரை என்பதை அந்த அமைப்பின் தளத்திலேயே பார்த்து, தேதியுடன் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "அப்ளை பண்ணியிருக்காங்க, வந்துடும்" என்றால் இன்னும் வரவில்லை என்று பொருள். ஒப்பிட்டுப் பார்க்க அரசு சார்ந்த கயானா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியை வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் 1963-லும் மருத்துவப் படிப்பு 1985-லும் தொடங்கியவை. ஏஜென்ட் உங்களை அனுப்பப் பார்ப்பது பெரும்பாலும் அங்கே அல்ல, தலைநகர் ஜார்ஜ்டவுனில் உள்ள ஏதாவது ஒரு தனியார் கல்லூரிக்கு.

அடுத்தது 54 மாதக் கணக்கு. அதிகம் பேர் வீழும் இடம் இதுதான். தனியார் கல்லூரிகள் பல அமெரிக்க மாதிரியில் எம்.டி. என்று பட்டம் தருகின்றன (நம் ஊர் மேற்படிப்பு எம்.டி. அல்ல, முதல் மருத்துவப் பட்டம்தான்). அந்த மாதிரியைப் பிரித்துப் பாருங்கள்: நான்கு மாதப் பருவங்கள் ஐந்து, ஆக 20 மாதம் அடிப்படை அறிவியல். பிறகு 72 முதல் 80 வாரம் மருத்துவமனைச் சுழற்சி (துறை துறையாக மாறி வார்டில் கற்பது), அதாவது ஏறத்தாழ 17, 18 மாதம். மொத்தம் 38. இதோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்காக 16 மாத 'ப்ரீ மெடிக்கல்' சேர்த்து, "பாருங்க, 54 வந்துடுச்சு" என்பார்கள். ப்ரீ மெடிக்கலில் இருப்பது உயிரியல், வேதியியல், இயற்பியல். நம் பன்னிரண்டாம் வகுப்பின் நீட்சி. பிலிப்பைன்ஸில் பி.எஸ். என்ற இளநிலை அறிவியல் படிப்பையும் 48 மாத எம்.டி.யையும் ஒட்டவைத்துப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: பி.எஸ். படிப்பை மருத்துவக் கல்வியாக ஆணையம் ஏற்கவில்லை, 48 மாதம் 54-க்குப் போதவில்லை. இன்னொரு வித்தை, பயிற்சி மருத்துவர் காலமான 12 மாதத்தையும் அந்த 54-க்குள் நுழைப்பது. அது 54-க்கு வெளியே தனியாக இருந்தாக வேண்டும். கல்லூரியிடம் கேட்க வேண்டியது "எத்தனை வருஷம்?" என்று அல்ல. உடற்கூறியல் முதல் கடைசி மருத்துவமனைச் சுழற்சி வரை பருவவாரியாக மாதக் கணக்கு, பதிவாளர் கையொப்பத்துடன், கல்லூரியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். கணக்கில் சேராது.

"இரண்டு வருஷம் அங்க, அப்புறம் கிளினிக்கல் எல்லாம் இந்தியாவுலயே பண்ணிக்கலாம்." கேட்க இனிமையாக இருக்கும், பெற்றோர் உடனே தலையாட்டுவார்கள். படிப்பு, பயிற்சி, இன்டர்ன்ஷிப் எல்லாம் பட்டம் தரும் நாட்டில், ஒரே கல்லூரியில் நடக்க வேண்டும் என்பது விதி. ஒரு பகுதியைக்கூட இந்தியாவிலோ மூன்றாம் நாட்டிலோ செய்யக் கூடாது. நடுவில் பக்கத்துத் தீவுக் கல்லூரிக்கு மாற்றிவிடுகிறோம் என்பதும் இதே வலையில்தான் விழும். கல்லூரி இழுத்து மூடப்பட்டால் மாணவர் நிலைமை என்ன என்று யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மருத்துவமனை பற்றி ஒரு வார்த்தை. நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய எட்டு லட்சம், நம் பெரிய மாவட்டம் ஒன்றில் பாதிகூட இல்லை. தலைநகரில் முதன்மையான அரசு மருத்துவமனை ஜார்ஜ்டவுன் பொது மருத்துவமனை. அதன் வார்டுகளில் உங்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை இடம், எந்த ஆண்டுவரை ஒப்பந்தம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "டை-அப் இருக்கு" என்பது விடையல்ல. இன்டர்ன்ஷிப் இடத்துக்கும் அதே கேள்வி. உரிமம் குறித்து நேராகக் கயானா மருத்துவ மன்றத்துக்கே எழுதலாம். வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் நோயாளி பேசுவது ஆங்கிலத்திலிருந்து கிளைத்த பேச்சுமொழியான கயானா கிரியோல். வயிற்றுவலியை அவர் சொல்லும் விதம் காதுக்குப் பிடிபடச் சில மாதம் ஆகும்.

"நம்ம ஆளுங்க" கதை: 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இந்திய வம்சாவளியினர். 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். பெரும்பான்மையோர் கல்கத்தா வழியே போனவர்கள், சிறு பகுதி சென்னையிலிருந்து. மாரியம்மன் வழிபாடு இன்றும் உண்டு. அதற்காகத் தமிழில் பேசி வீடு பிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். விளம்பரத் தாளில் 226 மீட்டர் உயரக் கயேட்டூர் அருவியும் மழைக்காடும் இருக்கும். உங்களுக்குக் காட்டப்பட வேண்டிய படம் பிணவறுப்புக் கூடம்.

பணத்துக்கு வருவோம். பேக்கேஜை ரூபாயில் சொல்வார்கள், கல்லூரி டாலரில் வாங்கும். ஆண்டுக்கு 8,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், டாலர் 75 ரூபாயாக இருந்த 2022 தொடக்கத்தில் அது 6 லட்சம். 85-ஐத் தாண்டிய 2024 இறுதியில் 6.8 லட்சம். கட்டணம் ஒரு டாலர்கூட ஏறாமலே இது. அதோடு 2019 டிசம்பரில் கயானா கச்சா எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகு ஜார்ஜ்டவுனில் வாடகையும் விலைவாசியும் பழைய கணக்கில் இல்லை. காப்பீடு, விசா நீட்டிப்பு, மருத்துவமனைச் சுழற்சிக் கட்டணம், விடுதி முன்பணம் ஆகியவை பேக்கேஜில் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். கட்டணத்தை ஏஜென்ட் கணக்கில் போடாதீர்கள். வங்கி மூலம், கல்விச் செலவுக்கான எஸ்0305 என்ற நோக்கக் குறியீட்டில், கல்லூரியின் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்புங்கள். ஏஜென்ட்டுக்குச் சேவைக் கட்டணம் என்றால் ஜி.எஸ்.டி. பில். பில் தராதவர் நாளை உங்களைத் தெரியாது என்பார். சான்றிதழ்களை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரைக்கு வெளியுறவு அமைச்சகம் வாங்குவது ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். சேவை மையம் தன் பங்குக்குச் சிறிது சேர்க்கும். அதற்கே பல ஆயிரம் கேட்பவர் மற்றதில் என்ன செய்வார் என்று யோசியுங்கள்.

பயணத்திலும் ஒரு பள்ளம். நேரடி விமானம் கிடையாது. மலிவாக இருக்கிறதே என்று நியூயார்க் அல்லது மயாமி வழியே டிக்கெட் போட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் விமானம் மாற மட்டுமே இறங்கினாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். அது இல்லாமல் சென்னை செக்-இன் கவுன்டரிலேயே திரும்ப வேண்டியதுதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் விடுமுறைக்கு ஊர் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

மூல மதிப்பெண் சான்றிதழ்களை 'ப்ராசஸிங்'குக்கு என்று வாங்கி வைத்துக்கொள்வது பணம் பறிக்கும் பிடி. நகல் போதும். மூலம் பார்க்க வேண்டுமென்றால் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள்: ரசீது, வங்கிப் பரிவர்த்தனை, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு, விளம்பரத் தாள் எல்லாவற்றையும் அழியாமல் எடுத்து வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே, இரண்டு ஆண்டுக்குள். மோசடிக்குக் காவல்துறைப் புகார் தனி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில். கயானாவில் இருப்பவர்கள் ஜார்ஜ்டவுனிலுள்ள இந்தியத் தூதரகத்திலும் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டில் இருந்தால், அந்த 54 மாதக் கணக்கைப் பதிவாளர் கையொப்பத்துடன் வாங்கிப் பார்த்த பிறகே இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை அனுப்புங்கள்.