சுவரில் மாட்டிய காகிதத்தைப் பார்த்து மருத்துவக் கஞ்சா வாங்காதீர்கள்

லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். அண்ணனுக்குக் கீமோ நடக்கிறது. வாந்தி நிற்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவக் கஞ்சா முயன்று பார்க்கலாம் என்று டாக்டர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். நாங்கள் போன கடையின் வாசலில் பெரிய பச்சைச் சிலுவை, உள்ளே செக்யூரிட்டி, கடிதத்தை நகலெடுத்துப் பதிந்துகொள்ள ஒரு கவுன்ட்டர். பார்த்தால் கிளினிக் மாதிரிதான் இருந்தது.

லைசென்ஸ் எங்கே என்று கேட்டேன். கவுன்ட்டர் பையன் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "சிட்டியே கொடுத்தது. நாங்கள் 2007க்கு முன்பிருந்தே இருக்கிறோம்" என்றான். அது வணிக வரிப் பதிவுச் சான்றிதழ். வரி கட்டுவதற்காக மட்டுமே தரப்படுவது, உரிமமோ அனுமதியோ அல்ல என்று அந்தச் சான்றிதழிலேயே அச்சிட்டிருக்கும். மளிகைக் கடைக்கும் அதே காகிதம்தான்.

அந்த 2007 கதையும் சும்மா வந்ததில்லை. கலிஃபோர்னியா 1996-லேயே மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. ஆனால் கடைகளை யார், எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2007-ல் புதுக் கடைகளுக்குத் தடை போட்டது. அதிலிருந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கடைகள் முளைத்தன. 2013-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 'ப்ராப் டி' (நகர வாக்கெடுப்புச் சட்டம்), பழைய கடைகள் நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அவற்றின் மேல் வழக்கில்லை என்றது. கவனியுங்கள், அது லைசென்ஸ் அல்ல, வழக்கிலிருந்து விலக்கு மட்டும்தான். 2017-ல் 'ப்ராப் எம்' வந்து அந்த ஏற்பாட்டையும் முடித்துவைத்தது. 2018 ஜனவரியிலிருந்து கடைக்கு நகர அனுமதியும் வேண்டும், மாநில லைசென்ஸும் வேண்டும். "2007-க்கு முன்பிருந்தே" என்பதற்கு இன்று ஒரு மதிப்பும் இல்லை. ஆனாலும் கேட்பவருக்கு அது நம்பகமாகத் தெரிகிறது, அதனால்தான் சொல்கிறார்கள்.

வாங்கியது ஜெல்லி மிட்டாய். பாக்கெட்டில் 500 மி.கி. டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்று பெருமையாக அச்சிட்டிருந்தது. சட்டப்படி தின்பண்டம் ஒரு வேளைக்கு 10 மி.கி., பாக்கெட்டுக்கு மொத்தம் 100 மி.கி.தான். அரைத் துண்டு போதும் என்று பையன் சொன்னதால் அண்ணன் அரைத் துண்டே சாப்பிட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நெஞ்சு படபடவென்று அடித்தது, வார்த்தை குழறியது, எங்களை அடையாளம் தெரியாமல் பார்த்தார். இரவு முழுக்க எமர்ஜென்சியில் கிடந்தோம். அங்கே நர்ஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேட்ச் எண் இல்லை, பரிசோதனைத் தேதி இல்லை, முக்கோணத்துக்குள் இலையும் ஆச்சரியக்குறியும் கீழே 'சிஏ' எழுத்தும் உள்ள கட்டாய முத்திரையும் இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டால், பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். ரசீதில் கடைப் பெயரே இல்லை. "வரி உட்பட" என்று முழு டாலரில் விலை போட்டிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. வரி கட்டும் கடையில் மாநிலக் கலால் வரி, விற்பனை வரி எல்லாம் சேர்ந்து பில் எகிறும். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது அதே கட்டடம், அதே பையன், போர்டு மட்டும் வேறு பெயரில்.

உங்கள் ஊரில் கடையே இருக்கக் கூடாது என்றும் இருக்கலாம். நகரங்கள் தடை செய்யலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் ரிவர்சைட் வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. லாங் பீச்சிலும் வெஸ்ட் ஹாலிவுட்டிலும் உரிமம் தருகிறார்கள். மன்ஹாட்டன் பீச்சில் 2022-ல் மக்களே வாக்களித்து வேண்டாம் என்றார்கள். ஆகவே மாநிலக் கஞ்சா கட்டுப்பாட்டுத் துறையின் தளத்தில் கடை முகவரியைத் தேடுங்கள். பெயர் மாறும், முகவரி மாறாது. வாசலில் க்யூஆர் கோடு ஒட்டியிருந்தால் ஸ்கேன் செய்து, அதே முகவரி வருகிறதா என்று பாருங்கள்.

கஞ்சா எண்ணெயை ஆவியாக்கி உறிஞ்சும் வேப் பேனா விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. 2019-ல் நாடு முழுக்கப் பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள். பெரிதும் சந்தேகிக்கப்பட்டது, கள்ளச் சரக்கில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்.

விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களுக்கு: அண்ணன் குடியுரிமை பெற்றவர் என்பதால்தான் இதில் இறங்கினோம். மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம்தான். டாக்டர் கடிதம் கையில் இருந்தாலும் குடியுரிமை விண்ணப்பம் அடிபடலாம் என்று குடிவரவுத் துறை 2019-ல் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அண்ணனுக்கு இப்போது லைசென்ஸ் உள்ள கடையிலிருந்து வீட்டுக்கே வருகிறது. மருத்துவக் கஞ்சா டெலிவரியை நகரங்கள் தடுக்க முடியாது என்று 2024 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கிறது. கவுன்ட்டி சுகாதாரத் துறையில் நோயாளி அட்டை எடுத்தால் விற்பனை வரியும் கிடையாது. விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.